உமிச் சிலிக்காவின் மேல் வெள்ளி நனோ துணிக்கைகளைச் சீராகப் பரப்புதல்: புதிதாகத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு சம்மாந்துறைப் பக்கமோ அக்கரைப்பற்றுப் பக்கமோ போனால், நெல் ஆலைகளின் பின்புறத்தில் உமி மலையாகக் குவிந்து கிடக்கும். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் அதன் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் மிகப் பெரும்பகுதி சிலிக்கா. நுண்துளைகள் நிறைந்த மலிவான தாங்கி இப்படி வாசலிலேயே கிடக்கும்போது, அதன்மேல் வெள்ளி நனோ துணிக்கைகளை ஏற்றி ஊக்கியாகப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்ற எண்ணம் வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ இரசாயனவியல் படிக்கும் எவருக்கும் எழுவது இயல்பே. செய்முறையும் எளிதாகத்தான் தோன்றும்: வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் சிலிக்காவை ஊறவைத்து, உலர்த்தி, சூடாக்கினால் வேலை முடிந்தது. அப்படிச் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஓரிடத்தில் கறுத்தும் இன்னோரிடத்தில் வெளுத்தும் இருக்கும் ஒரு தூள்தான். எனக்கும் முதல் முறை அதுவே கிடைத்தது.

பரவல் என்று இங்கே சொல்வது, ஏற்றிய உலோகத்தின் மொத்த அணுக்களில் எத்தனை பங்கு மேற்பரப்பில் வெளிப்பட்டு நிற்கின்றன என்பதையே. 10 நனோமீற்றர் விட்டமுள்ள வெள்ளித் துணிக்கையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அணுக்களே வெளியில் இருக்கும். எஞ்சியவை உள்ளே புதைந்து ஒரு பயனும் இல்லாமல் கிடக்கும். 2 நனோமீற்றருக்கு இறங்கினால் ஏறத்தாழ பாதி அணுக்கள் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. திரவத்தில் துணிக்கைகளைக் கட்டிப்படாமல் மிதக்கவிடுவதையும் பரவல் என்றே சொல்வதால், புதியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டு, கட்டிப்பட்ட ஊக்கியை மீயொலித் தொட்டியில் அரைமணி நேரம் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். மீயொலி தூளின் பொருக்குகளை உடைக்கும்; ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்துவிட்ட வெள்ளியை அது பிரிக்காது.

வெள்ளியின் பரவலில் பெரும்பகுதி, அயன்கள் சிலிக்காவைப் பற்றிக்கொள்ளும் வேளையிலும் அதன்பின் நீர் வெளியேறும் வேளையிலும் தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. உலைக்குப் போவதற்கு முன்பே கெட்டுவிட்ட ஒன்றை எந்த வெப்பநிலையாலும் திருத்த முடியாது. ஆகவே கீழே வரும் படிகளில் முன்பகுதிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

தாங்கியைத் தயாரித்தல்

ஆலையின் அவியல் அடுப்பிலிருந்து வரும் சாம்பலை எடுக்க வேண்டாம். அது எந்த வெப்பத்தில் எரிந்தது என்பது யாருக்கும் தெரியாது, கரி கலந்திருக்கும், அதிக வெப்பம் பட்ட பகுதி பளிங்குருவாகி மேற்பரப்பை இழந்திருக்கும். பளிங்குருச் சிலிக்காத் தூசி நுரையீரலுக்கும் கேடு. எரியாத உமியையே எடுத்து, மண்ணும் தவிடும் போகக் கழுவி, ஒரு லீற்றரில் 1 மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தில் 90 பாகை செல்சியஸ் அளவில் இரண்டு மணி நேரம் புகைபோக்கிக் கூட்டினுள் சூடாக்குங்கள். இந்தப் படியைத் தவிர்க்கத் தோன்றும், தவிர்க்காதீர்கள். உமியிலுள்ள பொற்றாசியம் நீங்காவிட்டால், எரியும்போது அது சிலிக்காவின் மேற்பரப்பை இளக்கிக் கரியை உள்ளே சிறைப்படுத்திவிடும். அத்தகைய சாம்பல் எவ்வளவு நேரம் எரித்தாலும் சாம்பல் நிறமாகவே இருக்கும், துளைகளும் அடைபட்டுப் போகும்.

அமிலம் முற்றாகப் போகும்வரை காய்ச்சி வடித்த நீரில் கழுவ வேண்டும். லிற்மசுத் தாள் மாறாமல் இருந்தால் போதும் என்று விட்டுவிடாமல், கடைசியாகக் கழுவிய நீரில் சிறிதளவைச் சோதனைக் குழாயில் எடுத்து வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். பால் கலந்ததுபோல் மங்கினால் இன்னும் குளோரைட்டு இருக்கிறது. பிறகு 110 பாகையில் உலர்த்தி, மெல்லிய படலமாகப் பரப்பி, காற்றோட்டமுள்ள மஃபிள் உலையில் 600 பாகையில் நான்கு மணி நேரம் எரித்தால் வெண்தூள் கிடைக்கும். எக்ஸ் கதிர்க் கோணலில் (எக்ஸ் கதிர் பட்டுச் சிதறும் கோணங்களைப் பதியும் சோதனையில்) 22 பாகையை ஒட்டி அகன்ற ஒரு மேடு மட்டும் தெரிந்தால் அது பளிங்குரு அற்ற சிலிக்கா என்று கொள்ளலாம்.

பலர் அறியாத ஒன்று இங்கே உண்டு. வெள்ளியைப் பிடித்துக்கொள்வது சிலிக்காவின் மேற்பரப்பிலுள்ள ஐதரொட்சில் கூட்டங்களே. நன்கு நீரேறிய சிலிக்காவில் ஒரு சதுர நனோமீற்றருக்கு அவை ஏறத்தாழ ஐந்து இருக்கும். 600 பாகை வரை சூடாக்கியபின் இரண்டுக்கும் கீழே இறங்கிவிடும். எனவே எரித்த தூளை அப்படியே பயன்படுத்தாமல், காய்ச்சி வடித்த நீரில் சில மணி நேரம் கொதிக்கவைத்து, வடித்து, 110 பாகையில் மீண்டும் உலர்த்துங்கள். இழந்த கூட்டங்களில் ஒரு பகுதியாவது திரும்பி வரும். இறுதியாக ஒரே அளவான கண்ணுடைய அரிதட்டில் சலித்து மூடி வைக்கவும். சலிக்கும்போது முகமூடி அணிய மறக்க வேண்டாம்.

நீரைப் பற்றி

மட்டக்களப்பில் வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழும் நமக்குக் கிணற்று நீர் உவர்ப்பது புதிதல்ல. ஆய்வுகூடத்திலோ அந்த உவர்ப்பு வெள்ளியின் பகை. முகவையைக் குழாய் நீரில் அலசி, ஈரம் காயுமுன் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலை ஊற்றிப் பாருங்கள். அடியிலிருந்து மெல்லிய வெண்புகை ஒன்று சுழன்று எழும், சற்று நேரத்தில் கரைசல் முழுதும் கலங்கும். அந்தக் கலக்கம் வெள்ளிக் குளோரைட்டு. நீங்கள் நிறுத்தெடுத்த வெள்ளியில் ஒரு பகுதி தாங்கியைத் தொடுமுன்பே திண்மமாகிவிட்டது. அதைவிட மோசமானது, குளோரைட்டு ஒட்டியிருந்தால் பின்னர் சூடாக்கும்போது வெள்ளித் துணிக்கைகள் விரைவாக ஒன்றுசேர்ந்து பருக்கும். கண்ணாடிப் பொருள்களை ஐதான நைத்திரிக் அமிலத்தால் அலசி, அதன்பின் காய்ச்சி வடித்த நீரால் மூன்று முறை அலசுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வெள்ளி, எவ்வளவு கரைசல்

முதல் முயற்சிக்கு நூற்றுக்கு 1 என்ற நிறை வீதமே போதும். பத்து வீதம் ஏற்றினால் பத்து மடங்கு வேலை செய்யும் என்பது கணக்குப்படி சரிபோலத் தோன்றினாலும், பிடித்துக்கொள்ள இடம் கிடைக்காத வெள்ளி கட்டியாகவே முடியும். 5 கிராம் சிலிக்காவுக்கு 1 வீதம் ஏற்ற 0.0505 கிராம் வெள்ளி வேண்டும், அதற்கு 0.0795 கிராம் வெள்ளி நைத்திரேற்று நிறுத்தெடுக்க வேண்டும்.

துளைகள் கொள்ளும் அளவு கரைசலை மட்டும் சேர்த்து ஊறவைப்பதே மிகப் பழகிய முறை. அதற்குத் துளைக் கனவளவு தெரிய வேண்டும். உலர்ந்த தூள் 1 கிராமைச் சிறிய முகவையில் இட்டு, அளவியிலிருந்து காய்ச்சி வடித்த நீரைத் துளித்துளியாக விட்டுக் கண்ணாடிக் கோலால் கிளறுங்கள். பிட்டுக்கு மாக் குழைத்துப் பழகிய கைக்கு இந்தப் பதம் உடனே பிடிபடும். தண்ணீரைத் தெளித்துத் தெளித்து உதிர்க்கையில், மா ஈரமாகவும் அதேவேளை உதிரியாகவும் நிற்கும் ஒரு கட்டம் வருமல்லவா? இன்னும் ஒரு கரண்டி கூடினால் அது ரொட்டி மாவாகிவிடும். சிலிக்காவும் அவ்வாறே: முதலில் விட்ட நீர் எங்கே போனதென்று தெரியாமல் தூள் காய்ந்ததுபோலவே ஓடும், பின்னர் சட்டென்று ஒரு துளியில் சிறு உருண்டைகள் திரளத் தொடங்கி, கோலில் ஒட்டும். அந்தத் துளிக்கு முந்திய அளவே துளைக் கனவளவு. மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். கிராமுக்கு 1.1 மில்லிலீற்றர் என்று வந்தால் 5 கிராமுக்கு 5.5 மில்லிலீற்றர், கணக்கிட்ட வெள்ளி நைத்திரேற்று முழுவதையும் அந்த 5.5 மில்லிலீற்றருக்குள் கரைத்து, அதே பதத்தில் சேர்க்க வேண்டும்.

இந்த முறையின் குறை, வெள்ளி அயன் சிலிக்காவைப் பற்றிக்கொள்ளாமல் துளைக்குள் நீரோடு சும்மா நிற்பதுதான். நீர் போகும் வழியில் அதுவும் போகும். அதனால் நான் புதியவர்களுக்கு அடுத்த முறையையே பரிந்துரைப்பேன். கொஞ்சம் கூடுதல் வேலை, ஆனால் பலன் வெளிப்படையாகத் தெரியும்.

மின்னேற்றத்தைக் கொண்டு பற்றிக்கொள்ளச் செய்தல்

ஒவ்வொரு ஒட்சைட்டுக்கும் ஒரு பூச்சிய ஏற்றப் புள்ளி, அதாவது மேற்பரப்பில் நிகர மின்னேற்றம் இல்லாத பிஎச், உண்டு. கரைசலின் பிஎச் அதற்கு மேலிருந்தால் மேற்பரப்பு மறை ஏற்றம் பெறும். கீழிருந்தால் நேர் ஏற்றம் பெறும். சிலிக்காவுக்கு அது 2 முதல் 3 வரை, தைத்தேனியம் ஈரொட்சைட்டுக்கு 6ஐ ஒட்டி, அலுமினாவுக்கு 8 அல்லது 9. ஆகவே பிஎச் 10 அளவில் சிலிக்கா வலுவான மறை ஏற்றத்துடன் நிற்கும். அங்கே நேர் ஏற்றமுள்ள வெள்ளி அமோனியாச் சிக்கல் அயனைக் கொண்டுபோனால், ஒவ்வோர் அயனும் தனித்தனி இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பொன்னை குளோரோஒளரிக் அமிலத்தின் மறை அயனாகக் கொண்டுவந்து சிலிக்காவில் ஒட்ட முயன்று ஏமாந்தவர்கள் பலர். இரண்டும் மறை ஏற்றம் என்பதால் ஒன்றையொன்று தள்ளும். பொன்னுக்குத் தைத்தேனியம் ஈரொட்சைட்டோ அலுமினாவோதான் பொருத்தம்.

5 கிராம் சிலிக்காவை 480 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, அமோனியாக் கரைசலால் பிஎச் 10க்குக் கொண்டுவாருங்கள். சற்று நேரத்தில் பிஎச் தானாக இறங்கும். மேற்பரப்பு ஐதரொட்சைட்டை உறிஞ்சுவதே காரணம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, நிலைத்து நிற்கும்வரை திருத்துங்கள். 11க்கு மேல் போக வேண்டாம், சிலிக்காவே கரையத் தொடங்கிவிடும். வேறொரு சிறு முகவையில் வெள்ளி நைத்திரேற்றை 20 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, அமோனியாவைத் துளித்துளியாகச் சேர்த்தால் முதலில் கபில நிற வெள்ளி ஒட்சைட்டு தோன்றி, மேலும் சேர்க்க அது கரைந்து தெளியும். தெளிந்தவுடன் நிறுத்தி, அதைச் சிலிக்காக் கலவையில் ஊற்றி, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளால் மூடி ஒரு மணி நேரம் காந்தக் கலக்கியில் விடுங்கள்.

இங்கே ஒரு கடும் எச்சரிக்கை. அமோனியா சேர்ந்த வெள்ளிக் கரைசலை ஒருபோதும் சேமித்து வைக்கக் கூடாது. வைத்திருந்தால் அதிலிருந்து மிக எளிதில் வெடிக்கும் படிவு உண்டாகும். தேவையான அளவை அன்றே தயாரித்து, அன்றே பயன்படுத்தி, எஞ்சியதை அன்றே ஐதான நைத்திரிக் அமிலத்தால் அமிலமாக்கி, பின்னர் கறியுப்புக் கரைசல் சேர்த்து வெள்ளிக் குளோரைட்டாக வீழ்படியச் செய்து, வெள்ளிக் கழிவுப் போத்தலில் சேர்க்க வேண்டும்.

ஒரு மணி நேரத்தின் பின் வடித்து, மிக ஐதான அமோனியா நீரால் ஒருமுறை அலசுங்கள். வடிநீரைக் கொட்டிவிடாமல் அதில் சிறிதளவை மேற்சொன்னவாறு அமிலமாக்கி ஒரு துளி உப்புக் கரைசல் விட்டுப் பாருங்கள். தெளிவாகவே நின்றால் வெள்ளி முழுவதும் தாங்கியில் ஏறிவிட்டது. நன்றாக மங்கினால், ஏற்றிய வீதம் 1 என்று அறிக்கையில் எழுத உங்களுக்கு உரிமை இல்லை. எஞ்சியதை அளந்து கழிக்க வேண்டும்.

சிலிக்காவில் அமினோக் கூட்டங்களை நட்டு வெள்ளியைப் பிடிப்பது மூன்றாவது வழி. அதற்குரிய 3-அமினோபுரொப்பைல் திரைஎதொக்சிசிலேன் ஈரத்தில் தனக்குள்ளேயே பிணைந்து பொருக்காகும் தன்மையுடையது. நமது காற்றின் ஈரப்பதனில், உலர்ந்த தொலுயீனும் மூடிய அமைப்பும் இல்லாமல் அதைத் தொடாதிருப்பதே நல்லது.

உலர்த்துதல்

துளைகளை நிரப்பி ஊறவைக்கும் முறையைத் தேர்ந்தவர்கள் இங்கேதான் பெரும்பாலும் தோற்கிறார்கள். என் முதல் தூளை ஒரு கண்ணாடித் தட்டில் குவியலாகப் போட்டு, நேரே 110 பாகைக் கனலடுப்பில் வைத்தேன். எடுத்தபோது தட்டின் ஓரமெங்கும் கடுங்கபில வளையம். நடுவில் தூள் கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது. மேற்பரப்பில் நீர் ஆவியாகும் வேகத்துக்கு, உள்ளிருக்கும் நீர் மயிர்த்துளைகள் வழியே வெளியே இழுபட்டு வருகிறது. வருகையில் கரைந்திருக்கும் உப்பையும் சுமந்து வந்து ஓரத்தில் விட்டுச் செல்கிறது. உப்பளத்துப் பாத்தியின் விளிம்பில் முதலில் உப்புப் பூப்பதும் இதே காரணத்தால்தான்.

ஊறிய தூளை மூடிய பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் வைத்து, கரைசல் துளையெங்கும் சமமாகட்டும். பின்னர் இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேற்படாத படலமாகப் பரப்பி, இருட்டில் அறை வெப்பநிலையில் ஓரிரவு, அடுத்து 60 பாகையில் ஆறு மணி நேரம், கடைசியில்தான் 100 பாகை. முதல் சில மணி நேரத்தில் அடிக்கடி மெதுவாகப் புரட்டிவிடுவது நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் திறந்த சன்னலருகே வைத்த தட்டு ஓரிரு மணி நேரத்தில் ஓரம் காய்ந்துவிடும் என்பதால், துளையிட்ட தாளால் மூடி வேகத்தைக் குறைக்க வேண்டும். மாரி காலத்திலோ இதற்கு நேர்மாறு: ஓரிரவு வைத்தும் தூள் ஈரமாகவே இருக்கும், கைக்குக் காய்ந்ததுபோல் பட்டாலும் நம்பாமல் நிறை மாறாத நிலை வரும்வரை நிறுத்துப் பார்க்க வேண்டும். ஈரம் எஞ்சிய தூளை உலைக்குள் வைத்தால் அது நீராவியாகி, நகரக்கூடிய வெள்ளியை நகர்த்திவிடும். மின்னேற்ற முறையில் வெள்ளியைப் பற்றிக்கொண்ட தூள் இவ்வளவு நுணுக்கம் பார்க்காது. அதன் வெள்ளி ஏற்கெனவே பிடிபட்டுவிட்டது.

தாழ்த்தலும் சூடாக்கலும்

உலோகத்தின் உருகுநிலையைக் கெல்வினில் எடுத்து 0.3ஆல் பெருக்கினால் மேற்பரப்பு அணுக்கள் அசையத் தொடங்கும் வெப்பநிலையும், 0.5ஆல் பெருக்கினால் உள் அணுக்களும் அசையும் வெப்பநிலையும் ஏறத்தாழக் கிடைக்கும். வெள்ளி 1235 கெல்வினில் உருகுவது. எனவே அவ்விரு எல்லைகளும் 97, 344 பாகை செல்சியஸ். நிக்கலுக்கு அவை 245, 591. இந்த எண்களைப் பார்த்தாலே, நிக்கலுக்கு எழுதப்பட்ட 500 பாகைச் செய்முறையை வெள்ளிக்கு அப்படியே எடுத்தாள்வது ஏன் தவறு என்பது விளங்கும்.

வெள்ளி அயனை உலோக வெள்ளியாகத் தாழ்த்த, ஐதரசன் 5 வீதம் கலந்த நைதரசன் வாயு கிடைத்தால், நிமிடத்துக்கு 2 பாகைக்கு மேற்படாமல் ஏற்றி, 200 பாகையில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும். அது இல்லாதபோது சோடியம் போரோஐதரைட்டு கைகொடுக்கும். தூளை 100 மில்லிலீற்றர் குளிர்ந்த நீரில் பனிக்கட்டித் தொட்டியில் வைத்து வேகமாகக் கலக்கி, 0.18 கிராம் போரோஐதரைட்டை 50 மில்லிலீற்றர் குளிர்நீரில் அப்போதே கரைத்து ஒரே தடவையில் சேர்க்க வேண்டும். துளித்துளியாகச் சேர்த்தால் முதலில் தோன்றிய சில கருக்களின் மேலேயே வெள்ளி படிந்து பருக்கும். ஒரே தடவையில் சேர்த்தால் ஏராளமான கருக்கள் ஒரே நேரத்தில் தோன்றும். ஐதரசன் நுரைத்தெழும் என்பதால் பெரிய பாத்திரமும், அருகே சுவாலை இல்லாமையும் அவசியம். வெண்தூள் மஞ்சள் கலந்த இளங்கபிலமாக மாறினால் மகிழலாம்; உலோகப் பளபளப்புடன் சாம்பல் நிறமானால், வெள்ளி தாங்கியை விட்டுக் கழன்று கட்டிப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

பரவலைச் சோதித்தல்

எக்ஸ் கதிர்க் கோணலில் வெள்ளியின் முதன்மைக் கோடு, செப்புக் கதிரின் 0.154 நனோமீற்றர் அலைநீளத்துக்கு, 38.1 பாகையில் வரும். அதன் அரை உயர அகலம் 0.8 பாகை எனில், கோட்டின் அகலத்திலிருந்து பளிங்கின் அளவைக் கணிக்கும் ஷெரர் சமன்பாட்டின்படி அந்த அளவு ஏறத்தாழ 10.5 நனோமீற்றர், 1.6 பாகை எனில் அதில் பாதி. கருவியின் சொந்த அகலத்தைக் கழிக்காமல் இந்த எண்ணை எழுத வேண்டாம். கோடே தெரியாவிட்டால் துணிக்கை மிகச் சிறியது என்று துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். ஒரு வீத வெள்ளியில் கோடு மங்குவது இயல்பு. வெள்ளி கழுவுபட்டுப் போயிருந்தாலும் கோடு தெரியாது. வடிநீரைச் சோதிக்கச் சொன்னது இதற்காகவும்தான்.

ஊடுகடத்தல் இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு மாதிரியை வெளியூர் அனுப்ப நேர்ந்தால், அழகான ஒரு படத்தோடு திருப்திப்படாமல், வெவ்வேறு இடங்களில் எடுத்த படங்களைக் கேட்டுப் பெற்று, குறைந்தது இருநூறு துணிக்கைகளையாவது அளந்து பரம்பலை வரையுங்கள். நூறு சிறு துணிக்கைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் ஒரு பெருங்கட்டி, வெள்ளியின் பாதியைத் தானே விழுங்கியிருக்கக் கூடும்.

நம் ஆய்வுகூடத்திலேயே செய்யக்கூடியது நான்கு-நைத்திரோபீனோல் சோதனை. மிகையான போரோஐதரைட்டுடன் அதன் கரைசல் கடும் மஞ்சளாக இருக்கும். 400 நனோமீற்றரில் உறிஞ்சும். ஊக்கி சேர்த்தபின் அது நான்கு-அமினோபீனோலாகத் தாழ்த்தப்படுவதால் அந்த முகடு தாழ்ந்து, 300 நனோமீற்றரை ஒட்டிப் புதிய முகடு எழும். உறிஞ்சலின் இயற்கை மடக்கையை நேரத்துக்கு எதிரே வரைந்தால் கிடைக்கும் நேர்கோட்டின் சரிவு வேகத்தைத் தரும். இரண்டு தூள்களை ஒப்பிடும்போது தூளின் நிறையைச் சமமாக்காமல் வெள்ளியின் நிறையைச் சமமாக்குங்கள்; அப்போதுதான் வேறுபாடு பரவலின் வேறுபாடாக இருக்கும். வெறுஞ் சிலிக்காவோடும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். நைத்திரோபீனோல் நச்சு என்பதால் கையுறை வேண்டும், கழிவைத் தொட்டியில் கொட்டக் கூடாது.

முடிந்த தூளைக் கபிலநிறப் போத்தலில், இறுக மூடி, உலர்த்திச் சாடியில் வையுங்கள். கடற்காற்றின் உப்பும் ஈரமும் திறந்த போத்தலுக்குள் புகும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். போத்தலின் மேல் திகதியோடு உமி எடுத்த இடம், எரித்த வெப்பநிலை, துளைக் கனவளவு, இறுதி பிஎச், வடிநீர் மங்கியதா இல்லையா என்ற ஐந்தையும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த தூள் வேறு மாதிரி வந்தால், முதலில் தேடப்போவது அந்த ஐந்தையே.